தயிர் என்றே எழுதலாமே!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் கோடை உணவுகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் அதில் ‘யோகர்ட்’ என்ற சொல் பதினோரு இடத்தில் வந்தது. ‘தயிர்’ ஒரே ஓர் இடத்தில், அதுவும் தயிர் வடைக்காக. முப்பத்திரண்டு வருஷம் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கு எழுதியவன் நான், எண்ணாமல் இருக்க வரவில்லை. 2023 மார்ச்சில் தயிர்ப் பாக்கெட்டில் ‘தஹி’ என்ற இந்திச் சொல்லை அச்சிடச் சொன்னபோது தமிழ்நாடே சத்தம் போட்டதும், உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்த மாதமே உத்தரவைத் திருத்திக்கொண்டதும் உங்கள் பத்திரிகையில் படித்ததுதான்.

சொல் கிடக்கட்டும். நான் எழுத வந்தது செலவைப் பற்றி, அப்புறம் கொஞ்சம் ருசியைப் பற்றி.

போன ஆவணியில் என் மனைவிக்கு மூட்டு அறுவை சிகிச்சை நடந்தது. மூன்று மாதம் அடுப்படி என் கைக்கு வந்தது. சோறு, ரசமெல்லாம் எப்படியோ பிடிபட்டுவிட்டது. தயிர் மட்டும் கைக்கு வரவில்லை. முதல் நாள் பால் ஆறுவதற்குள் மோரை விட்டு மூடிவிட்டேன். காலையில் திப்பி தனி, தண்ணீர் தனி. மறுநாள் பயந்துபோய் ஜில்லென்று ஆறவிட்டு ஊற்றினேன். காலை ஒன்பது மணிக்கும் பால் பாலாகவே இருந்தது. மூன்றாம் நாள் தாராளமாக ஒரு குழிக்கரண்டி மோர். மதியத்துக்குள் வாயில் வைக்க முடியாத புளிப்பு. கட்டிலில் காலை நீட்டியபடியே அவர் சொன்னார்: “உறையூர்ல பொறந்து வளர்ந்துட்டு உறை ஊத்தத் தெரியலைன்னு வெளிய சொல்லிடாதீங்க.”

அதன் பிறகுதான் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டேன். பால் பொங்கியதும் அடுப்பை அணைக்கக் கூடாது. தீயைக் குறைத்து இன்னும் ஐந்து நிமிஷம் காய வேண்டும். தயிர் கெட்டியாக விழுவதற்குப் பாதிக் காரணம் அதுதான். பிறகு ஆற வேண்டும். எதுவரை? சுண்டுவிரலை விட்டுப் பத்து எண்ணினால் சூடு தெரியணும், ஆனால் விரலை எடுக்கத் தோன்றக் கூடாது. கேட்டரிங் படிக்கிற பேரன் தன் சமையல் தெர்மாமீட்டரை அவர் விரலுக்குப் பக்கத்திலேயே விட்டுப் பார்த்துவிட்டு 43 டிகிரி என்றான். தயிரை ஆக்குகிற நுண்ணுயிர்களுக்கு 40க்கும் 45க்கும் நடுவில்தான் சுகமாம். அரை லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் உறைமோர் விட்டு ஒரு சுற்றுக் கலக்கினால் போதும். அதற்கப்புறம் பாத்திரத்தை நகர்த்தக் கூடாது, ‘உறைஞ்சிடுச்சா’ என்று ஆட்டிப் பார்க்கக் கூடாது. எனக்கு அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. இப்போது சித்திரையில் நாலு மணி நேரத்தில் ஆகிவிடுகிறது. மார்கழியில் அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்தும் எட்டு மணி நேரம் பிடித்தது. உறைந்த உடனே ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட்டால் புளிப்பு அவ்வளவாக ஏறாது.

ஒருநாள் மறதியில் உறைமோருக்கு வைத்திருந்ததையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டேன். எதிர்வீட்டு அக்காவிடம் போய் நின்றால், “விளக்கு வச்சாச்சே, அண்ணா” என்று தயங்கினார். விளக்கு வைத்த பிறகு மோர் கொடுக்கக் கூடாதாம். திரும்பி வந்து, மனைவி சொன்னபடி நாலைந்து மிளகாய்க் காம்பைக் கிள்ளி வெதுவெதுப்பான பாலில் போட்டு வைத்தேன். மறுநாள் அரைகுறையாக உறைந்திருந்தது. அதில் ஒரு ஸ்பூன் எடுத்து அடுத்த பாலில் விட்டேன். கத்தியால் வெட்டலாம் போல வந்தது.

சரி, கணக்குக்கு வருகிறேன். நீலப் பாக்கெட் பால் அரை லிட்டர் 20 ரூபாய். அதே அளவு பாக்கெட் தயிர் எங்கள் தெருக் கடையில் 40. பாக்கெட் பாலுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, பாக்கெட் தயிருக்கு 2022 ஜூலையில் 5 சதவீதம் போட்டார்கள். தினம் அரை லிட்டர் என்றால் மாதம் 600 ரூபாய் மிச்சம். காய்ச்சுகிற காஸுக்கு ஐம்பதைக் கழித்தாலும் 550. ஓய்வுபெற்ற வீட்டில் இது ஒரு மாத மாத்திரைக் காசில் பாதி. அந்தப் பாலில் கொழுப்பு 3 சதவீதம்தான், எங்கள் வயதுக்கு அது போதும். அரை லிட்டரில் சுமார் 600 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும் 16 கிராம் புரதமும் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து 1000 மில்லிகிராம் என்கிறார்கள். ஆளுக்குப் பாதித் தயிர் சாப்பிட்டால் அதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வந்துவிடுகிறது.

உங்கள் கட்டுரையில் சொன்ன பழ யோகர்ட் கப்பையும் விடாமல் வாங்கிப் பார்த்தேன். 100 கிராம் 30 ரூபாய். பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்ததில் சர்க்கரை 14 கிராம். பாலில் இயல்பாக உள்ள நாலைந்து கிராமைக் கழித்தால்கூட இரண்டு டீஸ்பூன் சர்க்கரை தனியாகக் கொட்டியிருக்கிறார்கள். என் மனைவிக்கு நீரிழிவு. வீட்டுத் தயிரில் நாலு துண்டு கொய்யாவும் ஒரு சிட்டிகை மிளகுத்தூளும் போட்டுக் கொடுத்தேன், ஒன்றும் சொல்லாமல் கிண்ணத்தை வழித்துவிட்டார். கிரேக்கத் தயிர் என்று தனியாக விலை வைக்கிறார்களே, அதையும் செய்து பார்த்தோம். பழைய வேட்டித் துணியில் அரைக் கிலோ தயிரை முடிந்து, கீழே பாத்திரம் வைத்து, சாயங்காலம் வரை ஃப்ரிட்ஜ் தட்டில் கட்டித் தொங்கவிட்டோம். நிறுத்துப் பார்த்ததில் கெட்டித் தயிர் 220 கிராம் தேறியது. வடிந்த தண்ணீரைக் கொட்டவில்லை. சப்பாத்தி மாவு பிசைந்தேன், மெத்தென்று வந்தது.

புளித்துப்போனால் மோர்க்குழம்பு, ரவா தோசை. மிச்சம் நீர்மோர்: ஒரு பங்கு தயிருக்கு நாலு பங்கு தண்ணீர், இஞ்சி, நார்த்தை இலை. எனக்கு ரத்த அழுத்தம் இருப்பதால் உப்பு பேருக்குத்தான். இலையைக் கசக்கிப் போட்டால் உப்பு குறைந்தது தெரியவே இல்லை.

பாக்கெட் தயிரே கூடாது என்று நான் சொல்லவில்லை. விருந்தாளி வந்துவிட்டால் நானும்தான் ஓடுகிறேன். ஆனால் அந்தத் தெருக் கடையில் கரண்ட் பில்லுக்குப் பயந்து ராத்திரி ஃப்ரிட்ஜை அணைத்துவிடுகிறார்கள். போன மாதம் உப்பிய பாக்கெட்டைக் கொடுத்துவிட்டு, “தேதி இன்னும் இருக்கு பெரியவரே” என்றார்கள். தேதி இருந்தது, தயிர்தான் இல்லை. கடைகளில் ராத்திரியும் குளிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியவர்கள் பார்த்தால் நல்லது.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், அந்தக் கப் படம் பிடித்த இடத்தளவுக்கு, வீட்டில் தயிர் தோய்ப்பது எப்படி என்று போடுங்கள். எங்கள் பக்கம் உறை ஊற்றுவது என்போம், கோவைக்கார மருமகள் புரை என்கிறாள். எந்தச் சொல்லைப் போட்டாலும் சம்மதம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர்,
உறையூர், திருச்சி.

பி.கு.: என் மனைவி இதைப் படித்துவிட்டு, “பச்சை மிளகாய்க் காம்பா, வரமிளகாய்க் காம்பான்னு எழுதவே இல்லையே” என்கிறார். நான் போட்டது வரமிளகாய்.