எழுத்துக்கு நடுவில் விடும் இடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்டீவ் ஜாப்ஸ் நினைவு நாளையொட்டி நீங்கள் வெளியிட்ட அரைப்பக்கக் கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். 1976-இல் தொடங்கிய ஆப்பிள், 2007-இல் வந்த ஐபோன், புற்றுநோய், 2011 அக்டோபர் 5-இல் 56 வயதில் மரணம் என்று எல்லாம் இருந்தது. என்னைப் போன்றவர்களின் பிழைப்பையே புரட்டிப் போட்ட 1985-ஆம் வருடத்தைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. மனசு கேட்காமல் எழுதுகிறேன்.

நானும் அவரும் 1955-இல் பிறந்தவர்கள். 1972-இல் அவர் அமெரிக்காவில் போர்ட்லண்ட் நகரின் ரீட் கல்லூரியில் சேர்ந்தார். அதே வருடம் நான் விருதுநகரில் ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டர், அதாவது அச்செழுத்து கோப்பவர் வேலை பழகச் சேர்ந்தேன். அவர் ஆறே மாதத்தில் படிப்பை விட்டுவிட்டு, பிடித்த வகுப்புகளில் மட்டும் போய் உட்கார்ந்தார். அதில் ஒன்று எழுத்தை அழகாக எழுதக் கற்றுத்தரும் வகுப்பு. எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எந்த எழுத்து வந்தால் நடுவில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதை அங்கேதான் கற்றதாக 2005-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மேடையில் அவரே சொன்னார்.

அந்தப் பாடத்தை எனக்குச் சொல்லித் தந்தவர் எங்கள் ஃபோர்மேன். ஈய எழுத்துகளை கேஸ் என்ற அறைகள் கொண்ட தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, இடது கையில் பிடித்த ஸ்டிக் என்ற சிறு சட்டத்தில் வரியாக அடுக்குவோம். 'கொ' என்றால் கொம்பு, க, கால் என மூன்று துண்டு. கல்யாணப் பத்திரிகையில் பெண், மாப்பிள்ளை பெயரைப் பெரிய எழுத்தில் கோக்கும்போது துண்டுகள் ஒட்டாமல் தனித்தனியாகத் தெரியும். மெல்லிய காகிதத்தைக் கீற்றாக வெட்டி மற்ற எழுத்துகளுக்கு நடுவே செருகி, எல்லா இடைவெளியையும் ஒன்றுபோல ஆக்குவோம். பிழை பார்க்க எடுக்கும் மாதிரி அச்சான புரூபை ஃபோர்மேன் தலைகீழாகத் திருப்பித்தான் பார்ப்பார். "நேரா வச்சா வாசிக்கத் தோணும்டா, திருப்பிப் பாரு, வெள்ளை மட்டும் தெரியும்" என்பார்.

1984 ஜனவரியில் ஆப்பிள் கொண்டுவந்த மேக்கின்டாஷ் (சுருக்கமாக மேக்) கம்ப்யூட்டரின் திரையில் ஓர் அங்குலத்துக்கு 72 புள்ளிகள். எங்கள் தொழிலில் எழுத்தின் அளவைப் பாயிண்ட் என்போம்; ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய 72 பாயிண்ட். காகிதத்தில் 12 பாயிண்ட் எழுத்து எவ்வளவு இடம் பிடிக்குமோ, திரையிலும் அவ்வளவுதான். இதைத் தெரிந்துகொண்ட அன்று, எங்கள் அளவுகோல் அந்தப் பெட்டிக்குள் போயிருக்கிறதே என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தத் திரைக்கு எழுத்துகளைப் புள்ளி புள்ளியாக வரைந்தவர் சூசன் கேர் என்ற பெண்மணி.

மறு வருடம், 1985-இல், வந்தது ஆப்பிளின் லேசர்ரைட்டர் என்ற பிரிண்டர். அங்குலத்துக்கு 300 புள்ளி. விலை ஏறக்குறைய 7,000 டாலர். பக்கத்தில் எழுத்தும் படமும் எங்கே எப்படி வர வேண்டும் என்று பிரிண்டருக்குச் சொல்லும் மொழியான போஸ்ட்ஸ்கிரிப்ட், அடோபி நிறுவனத்தை ஆரம்பித்த ஜான் வார்னாக்கும் சார்லஸ் கெஷ்கியும் கொடுத்தது. ஜூலையில் பால் பிரெய்னர்டின் ஆல்டஸ் நிறுவனம், பக்கத்தைத் திரையிலேயே வடிவமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கரை வெளியிட்டது. இவை சேர்ந்ததுதான் நாம் டி.டி.பி. (டெஸ்க்டாப் பப்ளிஷிங்) என்று சொல்வது. அந்த செப்டம்பரிலேயே ஜாப்ஸ் ஆப்பிளை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. எதிர்பார்த்தபடி விற்காமல் திணறிய மேக்குக்கு அதன்பிறகு உயிர் கொடுத்தது இந்த அச்சுத் தொழில்தான். 1997-இல் அவர் திரும்பி வருவதற்குள் உலகத்தில் பாதி அச்சகங்களில் கேஸ் அலமாரியைக் காலி செய்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

எங்கள் அச்சகத்துக்கு மேக் வரவே இல்லை. 1994-இல் விண்டோஸ் கம்ப்யூட்டர் ஒன்று வந்தது, அதில் பேஜ்மேக்கர். எட்டு கம்பாசிட்டர்களில் கீபோர்டு பழகியது நானும் இன்னொருவரும்தான். ஈயத்தை எடைக்குப் போட்ட அன்று மற்ற ஆறு பேரும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த முகங்களை நான் மறக்கவில்லை. ஆனாலும் ஜாப்ஸ் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. இடைவெளியின் அருமை தெரியாத யாரோ ஒருவர் கையில் அந்தப் பெட்டி போயிருந்தால் எழுத்துகளை எப்படிச் சீரழித்திருப்பார்களோ!

மலேசியத் தமிழர் முத்து நெடுமாறனையும் உங்கள் கட்டுரை விட்டுவிட்டது. ஆப்பிள் கருவிகளில் உள்ள 'தமிழ் எம்என்' எழுத்துரு அவர் உருவாக்கியது. எம்என் என்பது அவர் பெயரின் முதலெழுத்துகள். என் பேத்தி ஐபோனில் செய்தி வாசிக்கும்போது அந்தக் கொம்பும் காலும் எவ்வளவு பாந்தமாகப் பொருந்தியிருக்கின்றன என்று வாங்கி வாங்கிப் பார்ப்பேன்.

கடைசியாக ஒன்று. கட்டுரையில் படத்தை ஒட்டிய குறுகிய பத்தியில் 'தொழில்நுட்பத்தின்' என்ற சொல் முழுதாக அடுத்த வரிக்குப் போய்விட்டது. மேல்வரியில் மிஞ்சிய இரண்டு சொற்களுக்கு நடுவே விரல் நுழையும் அளவு வெள்ளை. தமிழில் வரிக் கடைசியில் சொல்லைக் கோடு போடாமலே உடைக்கலாம். அடுத்த வரி புள்ளி எழுத்தில் தொடங்கக் கூடாது, அவ்வளவுதான். 'தொழில்நுட்' என்று நிறுத்தி 'பத்தின்' என்று தொடர்ந்திருக்கலாம். பக்கம் வடிவமைக்கும் தம்பிகளிடம் அருள்கூர்ந்து சொல்லுங்கள். நேரில் காட்ட வேண்டுமென்றால் உங்கள் மதுரை அலுவலகத்துக்கு நானே வருகிறேன். காலை பஸ் ஏறினால் பத்து மணிக்குள் வந்துவிடுவேன். ஸ்டிக்கையும் எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கம்பாசிட்டர்,
விருதுநகர்.