சாகுலுக்கு, ஹெல்மெட் விஷயமாக

மண்டபம்,
மே 18

அன்புள்ள மாப்ள சாகுலுக்கு,

நீ அனுப்பிய குரல் செய்திகளையெல்லாம் கேட்டேன். பதிலையும் பேசியே அனுப்பியிருக்கலாம். ஆனால் வாயால் சொன்னால் நீ பாதியை மறந்துவிட்டு மீதியைக் கடைக்காரரிடம் கேட்பாய் என்று தெரியும். அதனால் எழுதுகிறேன். கடைக்குப் போகும்போது கையோடு எடுத்துப் போ.

துபாயில் ஏசி அறையில் கணக்கு எழுதிய மனுஷன் கீழக்கரைக்குத் திரும்பி வந்து வெல்டிங் மெஷின் வாங்கியிருக்கிறார் என்றதும் என் வீட்டில் நம்பவில்லை. "அண்ணனுக்கு எதுக்கு இந்த வேலை, கண்ணு போயிராதா?" என்றாள். கண்ணைக் காக்க எந்த வெல்டிங் ஹெல்மெட் வாங்குவது என்று நீ கேட்டதும் கிட்டத்தட்ட அதே கேள்விதான்.

இங்கே மீன்பிடித் தடைக்காலம். ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. கரையேற்றிய படகுகளைச் சுற்றிக் காலையிலிருந்து கிரைண்டர் சத்தமும் பெயின்ட் வாடையும்தான். புதுப் பாம்பன் பாலத்தில் ரயில் போகிறபோதெல்லாம் நான் வாத்தியார் புத்தியோடு மூட்டுகளைத்தான் பார்க்கிறேன். 1914-இல் திறந்த பழைய பாலம் ரிவெட் ஆணி அடித்தது. 2025 ஏப்ரல் 6-இல் திறந்த இதில் மூட்டெல்லாம் வெல்டிங். ஐ.டி.ஐ.யில் பையன்களுக்கு இதைக் காட்டிப் பாடம் நடத்த முடியாமல் போய்விட்டதே என்று இருக்கிறது.

சரி, ஹெல்மெட்டுக்கு வருவோம். உன் வேலை ஆட்டுக் கொட்டகைக்கு ஒரு கேட், மாடிப்படிக்குக் கைப்பிடி, அவ்வளவுதான். 2.5 எம்.எம். ராடு (உருகி மூட்டை நிரப்பும் கம்பி), 70, 80 ஆம்பியர். இதற்குக் கையில் பிடிக்கும் ஷீல்டே போதாதா என்று உன் மருமகன் சொன்னாராம். போதும்தான், உனக்கு மூன்று கை இருந்தால். இடது கை பைப்பைப் பிடிக்கும், வலது கையில் ராடைக் கவ்வும் ஹோல்டர், ஷீல்டை யார் பிடிப்பது? அதனால்தான் பட்டறைப் பையன்கள் டாக் வைக்கும்போது (துண்டுகள் நகராமல் இருக்க முதலில் வைக்கும் சின்ன வெல்டு) கண்ணை இறுக்கி மூடி, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு பொட்டு வைக்கிறார்கள். அப்போது ஒன்றும் தெரியாது. ஆறு மணி நேரமோ பன்னிரண்டு மணி நேரமோ கழித்து, நடு ராத்திரியில், கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்ட மாதிரி எரியும். புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டுவிடுகிறது. உருளைக்கிழங்கு வில்லை வைப்பார்கள், தாய்ப்பால் விடுவார்கள். எது வைத்தாலும் வைக்காவிட்டாலும் பெரும்பாலும் ஓரிரு நாளில் தானாக ஆறும். அதனால் கிழங்குக்குப் பெயர் கிடைத்துவிட்டது. வந்தால் கண் டாக்டரிடம் போ. மரத்துப்போகிற சொட்டு மருந்தை மட்டும் நீயாக வாங்கி விட்டுக்கொண்டே இருக்காதே, அது ஆற விடாது.

தானாகக் கறுக்கும் ஆட்டோ டார்க் ஹெல்மெட்டில் தலையில் மாட்டியபடியே வேலையைப் பார்க்கலாம். சும்மா இருக்கும்போது லேசான பச்சைக் கண்ணாடி, ஷேடு (கறுப்பின் அளவு எண்) 3 அல்லது 4. ராடு நுனி எங்கே நிற்கிறது என்று தெரியும். ராடு நுனியில் தீ பற்றியதும் சென்சார் உணர்ந்து, உள்ளே இருக்கும் திரவப் படிகத் தட்டு கறுத்துவிடும். சுவீடனில் 1981-இல் ஸ்பீட்கிளாஸ் என்ற பெயரில் முதலில் வந்தது. இப்போது ஆயிரத்துச் சொச்சத்திலிருந்தே கிடைக்கிறது.

கடைக்காரர் முதலில் எடுத்து வீசுவது வேகக் கணக்கு: நொடியில் இருபத்தைந்தாயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் கறுக்கும், முப்பதாயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் கறுக்கும் என்று. அதற்காக ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதே. புற ஊதாவையும் அகச்சிவப்பையும் தடுப்பது கறுப்பாகிற தட்டு இல்லை; அதற்கு முன்னால் இருக்கும் பூச்சுள்ள கண்ணாடி. நல்ல ஹெல்மெட்டில் அது பேட்டரி செத்துக் கிடந்தாலும் தடுக்கும். கறுக்காவிட்டால் வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும், அதோடு வேலையை நிறுத்திவிட வேண்டும், அவ்வளவே. ஆனால் 'நல்ல' என்றேன், கவனி. உள்ளே கண்ணாடிப் பெட்டியின் மேல் 4/9-13 என்றும், அதன்பின் 1/1/1/2 போல நான்கு எண்களும், 379 என்றும் பொறித்திருக்க வேண்டும். முதலாவது சும்மா இருக்கும்போதும் கறுக்கும்போதும் உள்ள ஷேடு. நான்கு எண்கள் பார்வைத் தெளிவுக்கான தரம், ஒன்றுதான் உயர்ந்தது. கடைசி எண் சாய்த்துப் பார்க்கும்போது எப்படி இருக்கும் என்பதற்கு. 379 அண்மைக் காலம் வரை இருந்த ஐரோப்பியத் தர எண்; புதிதாக வருவதில் அதற்குப் பதில் 16321 என்றிருக்கலாம். அட்டைப் பெட்டியில் மட்டும் அச்சடித்து, உள்ளே ஒன்றுமே பொறிக்காததைத் தொடாதே.

நான் காசு கொடுக்கச் சொல்வது கண்ணாடியின் தெளிவுக்கு. உனக்கும் எனக்கும் இப்போது பிரச்சினை வெளிச்சம் இல்லை மாப்ள, கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவதுதான். உருகிய இரும்பு ஒரு சின்னக் குளம் மாதிரி நகரும். அதன் மேலே கசடு மிதந்து பின்னால் ஒதுங்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவனுக்குத்தான் வெல்டிங் வரும். அது தெரியாமல் போனால் கசடு வெல்டுக்குள்ளே மாட்டிக்கொள்ளும், சுத்தியலால் தட்டியதும் பொத்தல் தெரியும். நீ போட்டிருக்கும் மூக்குக் கண்ணாடியில் படிக்கிற பகுதி கீழ்ப்பக்கம் இருக்கிறது. ஹெல்மெட்டுக்குள் அதன் வழியாகப் பார்க்க மோவாயைத் தூக்கிக்கொண்டே இருப்பாய். அரை மணியில் கழுத்து பிடித்துக்கொள்ளும். ஆகவே உள்பக்கம் உருப்பெருக்கி வில்லை செருகும் பள்ளம் இருக்கிறதா என்று பார். தனியாக விற்கும் அந்த வில்லையில் 1.5, 2 என்று பவர் உண்டு. இது இல்லாத ஹெல்மெட் எவ்வளவு உசத்தியானாலும் நமக்கு ஆகாது. பார்க்கும் ஜன்னலும் பெரிதாக இருக்கட்டும்: 92க்கு 42 மில்லிமீட்டர் என்பது வழக்கமான அளவு, 100க்கு 60 கிடைத்தால் நல்லது.

சென்சார் நான்கு இருப்பதை வாங்கு. நீ குனிந்து கேட்டின் மூலையில் வைக்கும்போது பைப்போ உன் கையோ இரண்டு சென்சாரை மறைத்துவிடும். இரண்டே இருந்தால் முடிந்தது, நடு வெல்டில் கண்ணாடி வெளுத்துவிடும்.

அப்புறம் வெயில். நீ பட்டறைக்குள் செய்யப்போவதில்லை, கொல்லையில்தான். நம் ஊர் மே மாத வெயில் நேராகச் சென்சாரில் பட்டால் ராடைத் தொடுவதற்கு முன்பே ஹெல்மெட் கறுத்துவிடும், ஒன்றும் தெரியாது. அதற்குத்தான் உணர்திறன் குமிழ். வெளியில் குறைத்து வை. முதுகுப் பக்கம் வெயில் இருந்தால் வேறு வினை: பின்னால் புகுந்த வெளிச்சம் கண்ணாடியின் உள்பக்கத்தில் விழும், வெல்டுக்குப் பதிலாக உன் வெள்ளைத் தாடியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாய். தலைக்குப் பின்னால் ஒரு துண்டைத் தொங்கவிட்டால் சரியாகும். ஓலைப் பந்தல் ஒன்று போட்டுக்கொண்டால் இரண்டு தொல்லையும் இல்லை.

தாமதக் குமிழ் என்று இன்னொன்று. தீ அணைந்த பிறகு எவ்வளவு நேரம் கறுப்பாக இருக்கட்டும் என்பதற்கு. டாக் வைக்கக் குறைவாக, நீளமாக ஓட்டும் வெல்டுக்குக் கூட்டி. ஷேடு 10-இல் தொடங்கு. கண் கூசினால் 11.

மேலே சோலார் பட்டை இருக்கும். அதைக் காட்டி 'பேட்டரியே தேவையில்லை' என்பார்கள். பெரும்பாலானவற்றில் உள்ளே ஒரு லித்தியம் பேட்டரி இருக்கத்தான் செய்யும். திறந்து மாற்றும்படி சின்ன மூடி இருந்தால் வாங்கு, ஒட்டி மூடியிருந்தால் வேண்டாம். அது தீரும் அன்றைக்கு ஹெல்மெட்டே குப்பைக்குத்தான். உப்புக் காற்றில் பேட்டரி முனையில் பச்சை பூக்கும், அவ்வப்போது துடை. தகரக் கூரைக்கு அடியிலோ காருக்குள்ளோ போட்டுவிட்டுப் போகாதே. முன்னால் இருக்கும் ஒளிபுகு தகடு பொறி பட்டுப் புள்ளி புள்ளியாகிவிடும். அந்த மாற்றுத் தகடு உள்ளூரில் கிடைக்கிறதா என்று கேள். கிடைக்காத கம்பெனி எனக்கு வேண்டாம்.

கடையில் சோதிக்கும் விதம்: அங்கே எரிகிற எல்.இ.டி. விளக்குக்குப் பல ஹெல்மெட் அசையாது, அதை வைத்துக் கெட்டது என்று முடிவு கட்டாதே. வாசலுக்கு எடுத்து வந்து, மாட்டாமல் கையில் பிடித்துச் சூரியன் பக்கம் காட்டு. கறுக்கும். சோதனைப் பொத்தான் இருந்தால் அமுக்கிவிட்டு வெளிச்சமான சுவரைச் சாய்த்துச் சாய்த்துப் பார். திட்டுத்திட்டாகத் தெரிந்தால் திருப்பிக் கொடு. பிறகு மாட்டிக்கொண்டு, மூடிய நிலையில் தலையை ஆட்டு. அரைக் கிலோ கனம் நெற்றியில் நிற்க வேண்டும், மூக்கில் இறங்கக் கூடாது.

ஹெல்மெட் காக்காத ஒன்றும் இருக்கிறது. உப்புக் காற்றுக்குப் பயந்து நீ ஜி.ஐ. பைப்தான் வாங்கியிருப்பாய். அதன் துத்தநாகப் பூச்சு வெல்டில் வெள்ளைப் புகையாகக் கிளம்பும். மூச்சில் போனால் சாயங்காலம் குளிர்காய்ச்சல் மாதிரி உடம்பை முறுக்கும். பால் குடித்தால் சரியாகும் என்பதெல்லாம் சும்மா. மூட்டு வரும் இடத்தில் பூச்சைக் கிரைண்டரால் எடு, அந்தத் தூசியும் மூக்கில் போகாமல் முகக்கவசம் போட்டுக்கொள். காற்று பக்கவாட்டில் அடிக்கும்படி உட்கார். முடிந்த பின் அந்த இடத்தில் துத்தநாகப் பெயின்ட் பூசு, இல்லாவிட்டால் முதலில் துரு ஏறுவது அங்கேதான்.

கைலியோடும் ரப்பர் செருப்போடும் உட்காராதே, சொல்லிவிட்டேன். முழுக்கைப் பருத்திச் சட்டை, காலுக்கு ஷூ.

தடைக்காலம் முடிந்ததும் அங்கே வருகிறேன், நாமே கேட்டைத் தொடங்கலாம். அதுவரை துண்டு இரும்பில் கோடு போட்டுப் பழகு. ராடுப் பெட்டியைத் திறந்து வைக்காதே, ஈரம் இழுத்துவிடும். ஹெல்மெட்டுக்குப் பணம் கொடுக்கும் முன் பேட்டரி மூடியையும் உள்ளே பொறித்த எண்களையும் படம் எடுத்து எனக்கு அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் விசாரிப்புகள்.

அன்புடன்,
முனியசாமி