சுவரில் இருந்தது பாசி அல்ல

அருவிக்கரைப் பூங்கா நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். சரக்கொன்றையடித் தடுப்புச் சுவரைப் பற்றித்தான் மறுபடியும் எழுதுகிறேன். சென்ற ஆண்டு நேரில் வந்து சொன்னேன், குறித்துக்கொண்டீர்கள். கடந்த செவ்வாய்க்கிழமை பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் 42 பேருடன் வந்தபோது, சுவர் சுரண்டப்பட்டு பிளீச்சிங் பவுடர் படிந்து வெள்ளையாக நின்றது. "விழா வருகிறது, பாசி எடுத்தோம்" என்றார் காவலாளி.

அது பாசி அல்ல, செலாஜினெல்லா என்னும் சிறு செடி. பாசிக்கு வேர் கிடையாது, இதற்கு உண்டு. நீர் கடத்தும் திசுவும் உண்டு. பூவும் விதையும்தான் இல்லை, விதைக்குப் பதில் வித்துகளால் (ஸ்போர்களால்) பெருகும்.

மேலே பூத்திருக்கும் மரத்தையும் அதன் காலடியில் படர்ந்த செடியையும் ஒப்பிடுவதே அன்றைய பாடம். ஒரு மாணவி நோட்டின் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் கொன்றையை எழுதி முடித்திருந்தாள்: ஐந்து இதழ்கள், பத்து மகரந்தத்தாள்கள், அவற்றில் மூன்று நீண்டு வளைந்தவை. கீழே கிடந்த காயையும் ஸ்கேல் வைத்து அளந்திருந்தாள், 47 செ.மீ. வலப்பக்கம் தலைப்பு மட்டும். செலாஜினெல்லாவின் கிளை நுனிக் கூம்பை ஊசியால் பிரித்து, பொதுவாக நான்கு பெரிய வித்துகள் இருக்கும் பையையும், தூள்போலச் சிறுவித்துகள் நிறைந்த பையையும் காட்டுவதாகச் சொல்லி அழைத்து வந்திருந்தேன். "லென்ஸைத் திருப்பித் தந்துவிடவா, சார்?" என்று கேட்டாள்.

40 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துபோன இரண்டு வம்சங்கள் அங்கே ஓரடி இடைவெளியில் இருந்தன. கொன்றை போன்ற பூக்கும் தாவரங்களுக்கு உறுதி தரும் லிக்னின் என்ற வேதிப்பொருளில் ஒரு வகை செலாஜினெல்லாவிலும் இருக்கிறது. இரண்டும் தனித்தனியாகவே அதை உருவாக்கிக்கொண்டன என்று 2008இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் எங்கள் அரசுப் பள்ளிக்கு எங்கே கிடைக்கும்? மரத்துக்குத் திண்ணை கட்டினீர்கள், பலகை வைத்தீர்கள். பக்கத்தில் சிமென்ட் காளான் ஒன்றுக்கு ஆண்டுதோறும் பெயின்ட் அடிக்கிறீர்கள். காளானும் பூக்காது. அதைச் சுரண்ட யாருக்கும் தோன்றவில்லை.

கோபம் முந்திவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இதுதான்: அந்தச் சுவரைச் சுரண்டாதீர்கள். முடிந்தால் ஒரு சிறு பெயர்ப்பலகை. எழுத வேண்டியதை நானே எழுதித் தருகிறேன். வாய்க்கால் ஓரம் உள்ளங்கை அகலத்துக்குச் செடி இன்னும் பிழைத்திருக்கிறது. பிளீச்சிங் வாளியும் அதன் பக்கத்தில்தான் இருக்கிறது. வாளியையாவது தயவுசெய்து இன்றே எடுத்துவிடச் சொல்லுங்கள்.

பணிவுடன்,
ஒரு தாவரவியல் ஆசிரியர்