மெர்தர் டவுன் கால்பந்து ரசிகர் வட்டம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், இந்த மழையிலும் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவுக்குப் பிறகு நிர்வாகக் குழு ஆறு முறை கூடியது. வெளியூர் ஆட்டங்களுக்குப் பேருந்து ஏற்பாடு செய்தோம். கிறிஸ்துமஸுக்கு முன் குலுக்கல் நடத்தினோம். பருவம் தொடங்குமுன் நம் மைதானமான பெனிடாரன் பார்க்கில் படிக்கட்டுகளைப் பெருக்கி, கைப்பிடிக் கம்பிகளுக்கு வண்ணம் அடித்தோம். மூத்த உறுப்பினர்கள் இருவரை இந்த ஆண்டு இழந்தோம். அறிக்கை முடிந்ததும் அவர்களுக்காக ஒரு நிமிடம் எழுந்து நிற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கிளப்புக்கு இது பொன்னான பருவம். வேல்ஸில் இருந்தாலும் நாம் ஆடும் இங்கிலாந்து லீக் அமைப்பில், தெற்கு லீக்கின் பிரீமியர் தெற்குப் பிரிவில் முதலிடம் பிடித்து, தேசிய லீக்கின் வடக்குப் பிரிவுக்கு உயர்ந்திருக்கிறோம். அதைப் பற்றி நீங்கள் எல்லோரும் ஏற்கெனவே பேசித் தீர்த்துவிட்டீர்கள். எனவே நான் பொறுப்பேற்ற வேலைக்கு வருகிறேன்.

கிளப்பின் வரலாற்றுக் கோப்பு ஒன்றைத் தொகுப்பது நம் வட்டத்தின் வேலையா என்று சென்ற பொதுக்குழுவில் ஓர் உறுப்பினர் கேட்டார். அன்று நேரமில்லாததால் பதில் சொல்லவில்லை. இன்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நம் கிளப் இரண்டு முறை மூடப்பட்டது. 1908இல் தொடங்கிய முதல் மெர்தர் டவுன் 1920இல் இங்கிலாந்தின் முதன்மைத் தொழில்முறை லீக்கான ஃபுட்பால் லீக்குக்குள் போனது. கடைசி இடங்களில் முடிக்கும் கிளப்புகள் லீக்கில் நீடிக்க மற்றக் கிளப்புகளின் வாக்கைப் பெற வேண்டும்; 1930இல் அந்த மறுதேர்வு வாக்கெடுப்பில் வெளியேற்றப்பட்டது. 1934இல் கலைந்தது. போர் முடிந்த 1945இல் மெர்தர் டிட்ஃபில் என்ற ஊர்ப் பெயரில் புதுக் கிளப் எழுந்தது. அதுவும் 2010இல் கடனில் மூழ்கியது. அப்புறம் ரசிகர்களே கையிலெடுத்து, பழைய மெர்தர் டவுன் பெயரை மீட்டு, மூன்று படி கீழே இறங்கி, வெஸ்டர்ன் லீக்கின் முதல் பிரிவிலிருந்து தொடங்கினோம். சொந்த மைதானம்கூட இல்லாமல் ஒரு பருவம் முழுக்க டாஃப்ஸ் வெல் என்ற வேறு ஊரில் போய் ஆடினோம். ஒரு கிளப் மூடப்படும்போது அலமாரிகளை யார் காலி செய்கிறார்கள்? யாருடைய வண்டியில் எது போகிறது? கோப்பைகளைத்தான் எல்லோரும் தேடுவார்கள். ஆட்டத்தன்று விற்கும் ஆட்ட நிரல் புத்தகம், சந்தா ஏடு, வீரர் பட்டியல் எழுதிய துண்டுக் காகிதம் இவையெல்லாம் குப்பைக்குப் போய்விடும். மூன்றாவது முறை அப்படி நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்த வேலையைத் தொடங்கினேன்.

2010க்கு முந்தைய கிளப்பும் இப்போதைய கிளப்பும் வேறு வேறு என்று நம்மில் சிலர் சொல்கிறார்கள். சட்டப்படி அது சரி. ஆனால் அதே மேட்டில், ரோமானியர் கோட்டை இருந்த அதே நிலத்தில், அதே ஊர்க்காரர்கள் நின்று பார்க்கும் ஆட்டத்தை நான் ஒரே வரலாறாகத்தான் எழுதியிருக்கிறேன். தூய டிட்ஃபிலின் உயிர்த்தியாகத்தால் ஊருக்குப் பெயர் வந்தது, அதனால் நமக்கு 'மார்ட்டர்ஸ்' (உயிர்த்தியாகிகள்) என்ற பட்டப் பெயரும் வந்தது. கிளப்பின் பெயர் மாறியபோதும் அந்தப் பட்டப் பெயர் மாறவில்லையே.

குளிர்காலம் முழுக்கப் பழைய உள்ளூர்ப் பத்திரிகைகளின் மைக்ரோஃபிலிம் சுருள்களோடு உட்கார்ந்தேன். 1922 முதல் 1925 வரை வெளியூரில் தொடர்ந்து 61 லீக் ஆட்டங்களில் நமக்கு ஒரு வெற்றிகூட இல்லை என்பது பலருக்குத் தெரியும். அந்தக் கணக்கை நானே எண்ணிப் பார்க்க விரும்பினேன். முதல் முறை 60 வந்தது. ஒரு சனிக்கிழமை ஆட்டத்தின் பக்கம் மங்கிப் போயிருந்ததால் விட்டுப்போயிருக்கிறது. இரண்டாம் முறை 61 வந்தது. இதை அவமானமாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மூன்று ஆண்டுகள் வெல்லாமலேயே ஒவ்வொரு முறையும் ரயிலேறிப் போனவர்கள் அன்றைய வீரர்கள். லீக்கிலிருந்து நாம் வெளியேற்றப்பட்ட அதே 1930இல்தான் நம் ஊர் டவ்லைஸ் எஃகு ஆலையும் மூடப்பட்டது. ஊரில் சம்பளம் நின்றுவிட்டால் வாசலில் டிக்கெட் யார் வாங்குவார்கள்? முதல் கிளப் எப்படி முடிந்தது என்பதற்கு இதைவிடப் பெரிய விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

போருக்குப் பிந்தைய பத்தாண்டு கோப்பின் தடிமனான பகுதி. 1948க்கும் 1954க்கும் இடையில் ஐந்து முறை தெற்கு லீக் பட்டம். 1949இலும் 1951இலும் வேல்ஸ் கோப்பை. இவ்வளவு வென்றும் ஃபுட்பால் லீக்குக்குள் திரும்ப வாக்கு கிடைக்கவில்லை. லீட்ஸுக்கும் யுவென்டஸுக்கும் ஆடிய ஜான் சார்ல்ஸ் 1970களின் தொடக்கத்தில் நம் வீரராகவும் மேலாளராகவும் இருந்த காலத்துக்குத் தனிப் பகுதி ஒதுக்கியிருக்கிறேன். 1992இல் வேல்ஸ் லீக் தொடங்கியபோது அதில் சேராமல் இங்கிலாந்து லீக் அமைப்பிலேயே இருந்த முடிவு பற்றிய பகுதி இன்னும் பாதியில் நிற்கிறது.

இப்போது அந்த பிஸ்கட் டின். மறைந்த உறுப்பினர் ஒருவரின் மனைவி பிப்ரவரியில் அதை என் வீட்டு வாசலில் கொண்டுவந்து தந்தார். உள்ளே 1987 செப்டம்பர் 16ஆம் தேதி ஆட்ட நிரல் இருந்தது. நடுவில் இருந்த இரண்டு ஊசிகளும் துருப்பிடித்து, தாளில் பழுப்புக் கோடாக இறங்கியிருந்தன. அட்டையில் தேநீர்க் கோப்பையின் வட்டக் கறை. உள்பக்கத்தில் வீரர் பட்டியலுக்குப் பக்கத்தில் அந்த உறுப்பினர் பென்சிலால் இரண்டு பெயர்களுக்கு நேரே மட்டும் சிறு கோடு போட்டிருந்தார்: கெவின் ராஜர்ஸ், கெரி வில்லியம்ஸ். இத்தாலியின் அடலாண்டா கிளப்புக்கு எதிராக நமக்காகக் கோல் அடித்தவர்கள். பெனிடாரன் பார்க்கில் சுமார் 8,000 பேர் பார்க்க 2–1.

இளைய உறுப்பினர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1985இல் பெல்ஜியத்தின் ஹெய்சல் மைதானத்தில் ரசிகர் கலவரத்தில் பலர் இறந்த துயரத்துக்குப் பிறகு இங்கிலாந்து கிளப்புகளுக்கு ஐரோப்பியப் போட்டிகளில் தடை இருந்தது. நாம் ஆடியது இங்கிலாந்து அமைப்பில்தான். ஆனால் 1987இல் நியூபோர்ட் கவுன்டியை மறு ஆட்டத்தில் 1–0 என வீழ்த்தி வேல்ஸ் கோப்பையை வென்றதால் நமக்கு மட்டும் நாடுகளின் கோப்பைகளை வென்ற கிளப்புகள் மோதும் ஐரோப்பியப் போட்டியான கோப்பை வென்றோர் கோப்பையின் கதவு திறந்தது. பகலில் வேலைக்குப் போய்விட்டு மாலையில் பயிற்சிக்கு வந்தவர்கள் இத்தாலியக் கிளப்பை வென்றார்கள். அவர்களின் ஊரான பெர்காமோவில் 2–0 எனத் தோற்று, மொத்தக் கணக்கில் 3–2 என வெளியேறினோம். அந்த அடலாண்டா அதே ஆண்டு அரையிறுதி வரை போனது.

துரு ஊசிகளை நகத்தால் மெல்ல நெம்பி எடுத்துவிட்டு, தாள்களை மைஒற்றுத் தாளுக்கு நடுவில் பத்து நாள் வைத்தேன். பென்சில் கோடுகளை அழிக்கவில்லை. நிரலை யார் வேண்டுமானாலும் எங்காவது தேடி வாங்கலாம். அந்த இரண்டு கோடுகள் வேறெங்கும் கிடைக்காது.

இதனால்தான் அடுத்து நான் சொல்லப்போவது எனக்கு வேதனையாக இருக்கிறது. ஜனவரி முதல் ஒவ்வொரு வியாழக்கிழமை மாலையும் ஏழு மணிக்கு அறையைத் திறந்து, ஹீட்டரைப் போட்டு, உறுப்பினர்களின் நினைவுகளைப் பதிவு செய்ய ஒலிப்பதிவுக் கருவியுடன் காத்திருந்தேன். அடலாண்டா ஆட்டத்துக்கோ பெர்காமோ பயணத்துக்கோ போனதாக என்னிடம் சொன்ன உறுப்பினர்கள் பலர். வந்து உட்கார்ந்து பேசியவர்கள் நான்கு பேர். "அடுத்த வாரம் வர்றேன்" என்று சொன்னவர்களில் ஒருவர் மார்ச் மாதம் காலமாகிவிட்டார். அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கு உடல்நலம் சரியில்லை என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நானே கருவியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போயிருப்பேன். நிர்வாகக் குழு உறுப்பினர்கள் ஒருவர் கூட ஒரு வியாழக்கிழமைகூட எட்டிப் பார்க்கவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. வேலை, குடும்பம் என எல்லோருக்கும் காரணம் இருக்கும். எனக்கும் இருந்தது.

சந்தா பற்றி. உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் இந்த ஆண்டுச் சந்தாவைக் கட்டவில்லை. சிலர் சென்ற ஆண்டுக்கானதையும் கட்டவில்லை. மூன்று முறை நினைவூட்டுக் கடிதம் அனுப்பினேன், இரண்டு முறை மைதான வாசலில் நேரிலும் கேட்டேன். பட்டம் வென்ற அன்று தோளில் கைபோட்டுப் பாடியவர்களில் சிலர் இந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். பெயர்களை வாசிக்கச் சொல்லி ஒரு யோசனை வந்தது. நான் அதற்குச் சம்மதிக்கவில்லை. 2010இல் கிளப்பை மூடியது எதிரணி அல்ல, கட்டாத பாக்கிகள்தான். இன்று கிளப் ரசிகர்களின் கையில் இருக்கிறது, ஆகவே பாக்கியும் நம்முடையதுதான்.

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவு சென்ற ஆண்டைப் போலத்தான், செலவு கொஞ்சம் கூடியிருக்கிறது, குலுக்கல் கைகொடுத்ததால் கையிருப்பு பெரிதாகக் கரையவில்லை. கோப்புப் பெட்டிகளுக்கும் உறைகளுக்கும் ஆன செலவில் ஒரு பகுதியை நானே போட்டேன். அதைத் திருப்பிக் கேட்கவில்லை, நன்கொடையாகக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

தலைவருக்கும், பொருளாளருக்கும், பேருந்து ஓட்டுநருக்கும், தேநீர் ஏற்பாட்டைக் கவனித்துக்கொண்டவர்களுக்கும், பொறுமையாக ஃபிலிம் சுருள்களை எடுத்துத் தந்த நூலக ஊழியர்களுக்கும் நன்றி. பிஸ்கட் டின்னைத் தந்த அம்மையாருக்குத் தனி நன்றி.

அடுத்த ஆண்டு. வடக்குப் பிரிவு என்றால் டார்லிங்டன், சவுத் ஷீல்ட்ஸ் வரை போக வேண்டும். விடிகாலையில் கிளம்பி நள்ளிரவில் திரும்பும் பயணங்கள். இப்போதைய கட்டணத்தில் பேருந்து நிரம்பாவிட்டால் டிசம்பருக்குமேல் ஓட்ட முடியாது என்பதை வெளிப்படையாகச் சொல்கிறேன். கோப்பில் 1955 முதல் 1970 வரை பல பருவங்கள் அரைப் பக்கத்தோடு நிற்கின்றன. அந்த ஆண்டுகளில் மைதானத்துக்கு வந்தவர்கள் இப்போது எண்பதைத் தாண்டியிருப்பார்கள். மைக்ரோஃபிலிமை நெடுநேரம் பார்த்தால் என் கண் தாங்கவில்லை, மருத்துவரும் குறைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். செயலாளர் பொறுப்பை இன்னும் ஓராண்டு செய்யத் தயார். உதவிச் செயலாளர் இடம் இரண்டு ஆண்டுகளாகக் காலியாக இருக்கிறது.

கோடை விடுமுறைக்குப் பிறகு செப்டம்பரிலிருந்து ஒவ்வொரு வியாழக்கிழமையும் மாலை ஏழு மணிக்கு அறை திறந்திருக்கும். சந்தாவை அங்கேயே கட்டலாம். வீட்டில் பழைய டின், உறை, செருப்புப் பெட்டி எது இருந்தாலும் திறந்து பார்க்காமல் அப்படியே கொண்டுவாருங்கள். பிரித்துப் பார்க்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்