மாதவிடாய் நின்றபின் வரும் எரிச்சலுக்குப் பூஞ்சைக் களிம்பு போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாதவிடாய் நின்று சில ஆண்டுகள் ஆன பெண்கள் பலர் பிறப்புறுப்பில் வறட்சி, எரிச்சல், உறவின்போது வலி, அடிக்கடி நீர்க்கடுப்பு என்று அவதிப்படுகிறார்கள். ‘உடம்புச் சூடு’ என்று இளநீரிலும் வெந்தயத்திலும் சில மாதங்கள் போகும். அடுத்து மருந்துக்கடையில் வாங்கும் குளோட்ரிமசோல் என்ற பூஞ்சைக் களிம்பு. பிறகு சிறுநீர்ப் பரிசோதனை, சீழ் செல் தெரிந்ததும், என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைகூடச் செய்யாமல் ஆன்டிபயாடிக். மருத்துவரிடம் வந்தாலும் பிரஷர், சர்க்கரை பற்றிப் பேசிவிட்டு, எழுந்து கதவருகே போன பிறகுதான் இதைச் சொல்கிறார்கள்.

ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதால் யோனிச் சுவர் மெலிகிறது. பாதுகாப்புத் தரும் லாக்டோபேசிலஸ் என்ற நல்ல கிருமிகள் குறைந்து, 4.5-க்குள் இருந்த பி.எச். அளவு 5-ஐத் தாண்டுகிறது; அதாவது அமிலத்தன்மை குறைகிறது. குடல் கிருமிகள் எளிதில் குடியேறுகின்றன. டெட்டால் கலந்த நீரில் கழுவினால் இன்னும் மோசமாகும். பூஞ்சைத் தொற்றோ இந்த வயதில் குறைவு. சர்க்கரை உள்ளவர்கள், குறிப்பாகச் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்கள் விதிவிலக்கு.

இதற்கு நல்ல மருந்து இருக்கிறது. கிராமுக்கு 1 மில்லிகிராம் எஸ்ட்ரியால் (ஈஸ்ட்ரோஜனில் ஒரு வகை) உள்ள களிம்பை, இரவு படுக்கும்போது அரை கிராம் உள்ளே வைக்க வேண்டும். முதல் 2, 3 வாரம் தினமும், பிறகு வாரம் இருமுறை. அப்ளிகேட்டர் வலித்தால், சுட்டுவிரலின் முதல் கணு நீளத்துக்குப் பிதுக்கி விரலாலேயே தடவலாம். அது ஏறக்குறைய அரை கிராம். மெலிந்த தோல் என்பதால் முதல் சில நாள் எரியலாம். அலர்ஜி என்று பயந்து பலர் அப்போதே நிறுத்திவிடுகிறார்கள். முழுப் பலன் தெரிய 12 வாரம் வரை ஆகும். சரியாகிவிட்டது என்று விட்டுவிட்டால் தொல்லை திரும்பும்.

பெட்டிக்குள் இருக்கும் தாளில் மார்பகப் புற்றுநோய் என்று படித்துவிட்டுக் களிம்பைத் திறக்காமலே வைப்பவர்களும் உண்டு. அந்தப் பயத்தைக் கிளப்பிய, 2002-இல் அமெரிக்காவில் பாதியில் நிறுத்தப்பட்ட பெரிய ஆய்வு, வாயால் விழுங்கும் ஹார்மோன் மாத்திரையைப் பற்றியது. இந்தக் களிம்பு இந்த அளவில் ரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம். பிரிட்டனில் 10 மைக்ரோகிராம் எஸ்ட்ரடயால் (இதுவும் ஒரு வகை ஈஸ்ட்ரோஜன்) உள்ள யோனி மாத்திரையை 50 வயது கடந்தவர்களுக்கு 2022 முதல் மருந்துச்சீட்டு இல்லாமலே தர அனுமதித்திருக்கிறார்கள். ஆனால் மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், முக்கியமாக ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் லெட்ரோசோல் மாத்திரை எடுப்பவர்கள், புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. அவர்களுக்கு ஹார்மோன் இல்லாத மாய்ச்சரைசர் ஜெல் வாரம் இரண்டு மூன்று முறை போதுமா என்று முதலில் பார்க்கலாம்.

பரிசோதிக்காமல் மருந்து எழுதுவதை மருத்துவர்கள் கைவிட வேண்டும். அரிப்போடு வெண்திட்டு இருந்தால் அது லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்ற தோல் அழற்சி நோயாக இருக்கலாம். அதற்கு வேண்டியது வீரியமான ஸ்டீராய்டு களிம்பு. மாதவிடாய் முற்றிலும் நின்றபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், ஸ்கேனில் கருப்பை உட்சவ்வின் தடிமனைப் பார்த்தாக வேண்டும்.

2021 முதல் நடக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர் பார்க்க வீடு தேடி வரும் பெண் பணியாளர்கள், “கீழே எரிச்சல், வறட்சி இருக்கிறதா அம்மா?” என்று தனியே அழைத்துக் கேட்கட்டும். எஸ்ட்ரியால் களிம்பு ஆரம்ப சுகாதார நிலையங்களில் தட்டுப்பாடின்றிக் கிடைக்கச் சுகாதாரத் துறை வழிசெய்ய வேண்டும்.

மகளிர் நல மருத்துவர்கள் சிலர்,
மதுரை