ஈஎஸ்பிஎன் விளையாட்டுத் தொலைக்காட்சியின் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பால்டிமோர் ரேவன்ஸ் அணியின் அமெரிக்கக் கால்பந்து வீரர் ரே ரைஸின் விவகாரம் உங்களுக்குத் தெரியாததல்ல. 2014 பிப்ரவரியில், அட்லாண்டிக் சிட்டி சூதாட்ட விடுதியொன்றின் மின்தூக்கியில், தாம் மணக்கவிருந்த பெண்ணை அவர் நினைவிழக்கும்படி அடித்தார். அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல் விதித்ததோ இரண்டு ஆட்டத் தடை.

எனக்கு இன்றும் ஆறாதது அவ்வாண்டு மே 23ஆம் தேதி நடந்ததுதான். அதற்குள் அவருடைய மனைவியாகிவிட்ட அந்தப் பெண், அணி கூட்டிய செய்தியாளர் சந்திப்பில் கணவருக்குப் பக்கத்தில் அமர்ந்து, அந்த இரவில் தமக்கிருந்த பங்குக்காக வருந்துவதாகச் சொன்னார். அடிபட்டவர் வருத்தம் தெரிவித்ததைப் பால்டிமோர் ரேவன்ஸ் அணி தன் ட்விட்டர் பக்கத்திலும் பதிந்தது. மின்தூக்கிக்குள் நடந்ததைக் காட்டும் காணொளி செப்டம்பரில் வெளிவரும்வரை அந்தப் பதிவை அது நீக்கவில்லை.

உங்கள் அரங்கில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். பெண்கள் ஆண்களைச் சீண்டாமல் இருக்க வேண்டும் என்ற பொருளில் பேசிய உங்கள் விமர்சகர் ஸ்டீபன் ஏ. ஸ்மித்தை ஒரு வாரம் விலக்கி வைத்தீர்கள். இந்த விவகாரத்தில் லீக் ஆணையர் ராஜர் குடெல் பொய் சொல்கிறார் என்று தம் பாட்காஸ்டில் கூறி, முடிந்தால் தண்டியுங்கள் என்று உங்களுக்கே சவால் விட்ட உங்கள் எழுத்தாளர் பில் சிம்மன்ஸை மூன்று வாரம் விலக்கினீர்கள். என்எஃப்எல் ஆட்டங்களை ஒளிபரப்ப அப்போது ஆண்டுக்கு ஏறத்தாழ 190 கோடி டாலர் கொடுத்துவந்த நிறுவனத்தில் எந்தக் குற்றம் பெரிதாகத் தெரிந்தது என்று பார்வையாளர்கள் கேட்பதில் தவறில்லை.

2022 டிசம்பர் 31 இரவு, மெக்சிகோ கேளிக்கை விடுதியொன்றில் மனைவி தம்மை அறைந்ததும் கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகளை நடத்தும் யுஎஃப்சி நிறுவனத்தின் தலைவர் டேனா வைட் அவரைத் திருப்பி அறைந்தார். அப்போது யுஎஃப்சியின் அமெரிக்க ஒளிபரப்பு உரிமை உங்களிடம் இருந்தது. அவர் பதவியில் தொடர்ந்தார். நிறுவனம் எந்தத் தண்டனையும் அளிக்கவில்லை. இந்த நிகழ்வின் காணொளியையும் ரைஸின் மின்தூக்கிக் காணொளியையும் வெளியிட்டது டிஎம்இசட் என்ற பிரபலங்களின் கிசுகிசுத் தளம் என்பது விளையாட்டுச் செய்தியாளர்கள் அனைவரையும் உறுத்தியிருக்க வேண்டும்.

உங்களால் முடியாததைக் கேட்கவில்லை. ரேவன்ஸ் நிர்வாகத்துக்கு என்னென்ன முன்பே தெரிந்திருந்தது என்பதை 2014 செப்டம்பரில் துருவி எழுதியவர்கள் உங்கள் ‘அவுட்சைட் த லைன்ஸ்’ பிரிவினரே. செல்வாக்குள்ள ஒருவர் தம் வீட்டுப் பெண்ணை அடித்தால், அவர் எத்தனை ஆட்டங்களை இழப்பார் என்ற கணக்கில் தொடங்காமல், குற்றச் செய்தியாக அதை எழுதுங்கள். அவர் தரப்போடு உங்களுக்கு ஒளிபரப்பு ஒப்பந்தம் இருந்தால் அதையும் அதே செய்தியில் தெரிவியுங்கள். அடிபட்டவரின் ‘பங்கு’ என்ன என்று எந்த அரங்கிலும் விவாதிக்காதீர்கள். இம்மூன்றையும் எழுத்துவடிவ விதிகளாக்கி, பார்வையாளர்கள் அறிய வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு விளையாட்டு ரசிகை