அப்பாவுக்கு, குண்டுக் கிடங்கைப் பார்த்துவிட்டு வந்து எழுதுவது

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் கால்வலி எப்படி இருக்கிறது என்று தம்பியைக் கேட்டால் "பரவால்ல" என்று ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொள்கிறான். போனில் நீங்களோ "சாப்பிட்டியா, சரி வை" என்று முடித்துவிடுகிறீர்கள். அதனால்தான் இதை எழுதியே அனுப்புகிறேன், தம்பி பிரிண்ட் எடுத்துத் தருவான். இங்கே யாரிடம் சொன்னாலும் "அப்படியா" என்று கேட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான். இத்தனை வருஷம் பட்டாசு ஆலையில் ஃபோர்மேனாக இருந்த உங்களுக்குத்தான் இதில் பேச நிறைய இருக்கும்.

நான் இருக்கும் பக்கம் இங்கிலாந்தின் கிழக்கு ஓரம், நார்ஃபோக்கும் சஃபோக்கும் சேரும் இடம். மலை கிடையாது, மேடு கிடையாது. கோதுமை, பார்லி, சர்க்கரைக்காகப் போடும் பீட்ரூட் இவைதான் வெள்ளாமை. நம் கரிசல்காட்டை எடுத்து மழையில் ஊறப் போட்ட மாதிரி இருக்கும். இந்தத் தட்டை நிலமும், ஜெர்மனிக்கு இங்கிருந்து தூரம் குறைவு என்பதும் சேர்ந்துதான் இந்த ஊர்களுக்கு வினையாகப் போனது. இரண்டாம் உலகப் போர் சமயம், 1942-லிருந்து அமெரிக்காவின் எட்டாவது விமானப்படை இங்கே வந்து இறங்கியது. சில மைலுக்கு ஒரு விமானத்தளம் கட்டினார்கள். எல்லாம் ஒரே அச்சு: குறுக்கும் நெடுக்குமாக மூன்று ஓடுபாதை, பெரியது 2,000 கெஜம், மற்ற இரண்டும் 1,400 கெஜம், சுற்றிலும் ஒரு வட்டச் சாலை, ஓரமாக விமானங்கள் நிற்கத் தளங்கள். ஜெர்மன்காரன் குண்டு போட்டு இடித்த லண்டன் வீடுகளின் செங்கல் ஜல்லியை ரயிலில் கொண்டுவந்து இந்த ஓடுபாதைகளுக்கு அடியில் நிரப்பினார்களாம். அந்த வீட்டுச் செங்கல் மேலேயே ஓடிப் பறந்துபோய் அவன் ஊரில் குண்டு போட்டிருக்கிறார்கள், என்ன சொல்வது. இப்போது அந்தக் கான்கிரீட்டில் பெரும்பகுதியை உடைத்து ரோடு போட எடுத்துப் போய்விட்டார்கள். சில இடங்களில் ஓடுபாதை மேல் வான்கோழிப் பண்ணைக் கொட்டகைகள் நிற்கின்றன.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டி இருக்கிறார். தொண்ணூறு தாண்டியாச்சு, காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் தெரியாது, 1944 மட்டும் பளிச்சென்று ஞாபகம். குளிப்பாட்டி முடித்துத் தலை வாரும்போது அவராகவே ஆரம்பிப்பார். அவருக்கு அப்போது பள்ளிக்கூட வயது. ஜூலை 15, சனிக்கிழமை சாயங்காலம். இங்கே கோடையில் ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும், பிள்ளைகள் எல்லாம் தெருவில்தான். திடீரென்று ஒரு சத்தம், தரை தூக்கிப் போட்டது, வீட்டு ஜன்னல் கண்ணாடி அத்தனையும் உள்ளே வந்து விழுந்தது. ஜெர்மன்காரன்தான் வந்துவிட்டான் என்று எல்லோரும் ஓடியிருக்கிறார்கள். வந்தது அவன் இல்லை. மெட்ஃபீல்டு விமானத்தளத்தின் குண்டுக் கிடங்கு வெடித்திருக்கிறது. ஆயிரம் டன்னுக்கு மேல் சரக்கு, அப்பா. தளத்தில் நின்ற லிபரேட்டர் என்ற குண்டுவீச்சு விமானங்கள் பல நொறுங்கின. சில வீரர்கள் இறந்தார்கள், ஆனால் அந்த அளவு சரக்குக்கு அது மிகக் குறைவு. ஆகஸ்டில் அங்கிருந்த படைப்பிரிவையே நார்த் பிக்கன்ஹாம் என்ற வேறு தளத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

காரணம் என்ன தெரியுமா? லாரியிலிருந்து குண்டு இறக்கியவர்கள் கவனக்குறைவாகக் கையாண்டதுதான் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். இதைக் கேட்டதும் எனக்கு உங்கள் குரல்தான் காதில் விழுந்தது. "அவசரப்பட்டு இழுத்தான், உரசிருச்சு." எத்தனை சாயங்காலம் இதைச் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்து, சோறு வேண்டாம் என்று திண்ணையில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

அந்தப் பாட்டியின் மருமகன் இங்கே ஒரு விவசாயி. அவர் நிலத்தில் ஒரு பழைய தளத்தின் குண்டுக் கிடங்கு மிச்சம் இருக்கிறது (மெட்ஃபீல்டு இல்லை, வேறொன்று. பெயர் எழுதவில்லை, கூட்டம் வருவது அவருக்குப் பிடிக்காது). நான் இவ்வளவு கேட்கிறேன் என்று தெரிந்து, லீவு நாளில் வந்து பாரேன் என்று அவரே கூப்பிட்டுப் போய்க் காட்டினார். பயப்படாதீர்கள், யுத்தம் முடிந்ததும் சரக்கை எல்லாம் அப்புறப்படுத்திவிட்டார்கள். இருந்தாலும் உழும்போது இன்னமும் துப்பாக்கித் தோட்டா கிளம்புகிறதாம். எதையும் குனிந்து எடுக்காதே, ஏதாவது கண்ணில் பட்டால் சொல், போலீசைக் கூப்பிட வேண்டும் என்று உள்ளே நுழையும் முன்பே கறாராகச் சொல்லிவிட்டார்.

முதலில் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. ஓக் மரமும் முள்ளுப் புதரும் அடர்ந்த தோப்பு. அதற்குள் ஒரு கான்கிரீட் பாதை நுழைகிறது, இரண்டு லாரி ஒதுங்கிப் போகிற அகலம், மேலே பாசியும் மக்கிய இலையும். காலால் ஒதுக்கினால் கான்கிரீட் இன்னமும் கெட்டியாக இருக்கிறது. பாதை தோப்புக்குள் வளைந்து வளைந்து போய், வந்த வாசலுக்கே திரும்பி வருகிறது. எங்கேயும் வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. இது முதலில் என் கண்ணில் படவில்லை, அவர் சொல்லித்தான் தெரிந்தது. குண்டு ஏற்றிய வண்டி ரிவர்ஸ் எடுக்கக் கூடாது என்று பாதையை அப்படிப் போட்டிருக்கிறார்கள்.

பாதை ஓரமாக, விட்டு விட்டு, மண்மேடுகள். ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும், மூன்று பக்கம் மேடு, ஒரு பக்கம் பாதையைப் பார்த்துத் திறப்பு. நடுவில் கான்கிரீட் தளம். அந்தத் தளத்தில்தான் ஐந்நூறு பவுண்டு, ஆயிரம் பவுண்டு குண்டுகளைப் படுக்க வைத்து அடுக்கியிருக்கிறார்கள். கூரை கிடையாது. மேலே தார்ப்பாய், உருமறைப்பு வலை, அவ்வளவுதான். மேட்டின் மேல் இப்போது மரங்கள் வளர்ந்து வேர் வெளியே தொங்குகிறது, ஒரு இடத்தில் முயல் வளை தோண்டியிருந்தது, உள்ளே இருப்பது வெறும் களிமண்தான் என்று நன்றாகத் தெரிந்தது. கல் இல்லை, செங்கல் இல்லை. வெடித்தால் பக்கவாட்டில் போகிற வேகத்தை மண் குடித்துக்கொள்ளும், கல்லாக இருந்தால் அதுவே பறந்துபோய் ஆளைக் கொல்லும் என்று நீங்கள் சொன்னதை அவருக்குச் சொன்னேன். உனக்கு எப்படி இதெல்லாம் தெரியும் என்று கேட்டார். நான் சிவகாசிப் பக்கம், என் அப்பா வெடிமருந்துக்காரர் என்றேன். அதற்குப் பிறகு என்னிடம் பேசிய தோரணையே மாறிவிட்டது, போங்கள்!

அப்புறம், குண்டு ஒரு இடம், அதை வெடிக்க வைக்கிற ஃபியூஸ் வேறொரு இடம். ஃபியூஸ்களுக்குத் தள்ளித் தனியாகச் சின்னச் செங்கல் அறைகள். குண்டின் வால் பக்கம் மாட்டும் இறக்கைகளைக்கூட வேறு இடத்தில்தான் வைத்திருந்தார்களாம். குண்டுக்குள் இருக்கும் டி.என்.டி மருந்து சாமானியத்தில் வெடிக்காது, ஃபியூஸ் சேர்ந்தால்தான் ஆபத்து. அமெரிக்கர்கள் பெரும்பாலும் விமானத்தில் குண்டை ஏற்றின பிறகுதான் ஃபியூஸை மாட்டுவார்களாம். அதிலும் ஒரு பின் செருகியிருக்கும், வானத்தில் போகும்போது ஒரு ஆள் போய் அதை உருவுவான். கலவை அறையில் இத்தனை பேர்தான், கலந்த மருந்தை ராத்திரிக்கு வைக்கக் கூடாது, ஒரு அறை சரக்கு இன்னொரு அறைக்கு வரக் கூடாது என்று நீங்கள் சத்தம் போடுவதும் இதே கணக்குத்தானே?

ஆனால் கணக்கு எல்லாம் காகிதத்தில்தான் என்றும் தெரிந்தது. ஒரு லிபரேட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு ஐந்நூறு பவுண்டு குண்டு, ஒன்று சுமார் 227 கிலோ. முப்பத்தாறு விமானம் கிளம்பினால் ஒரே காலையில் எண்பது தொண்ணூறு டன் காலி. மறுநாள் மறுபடி. 1944-இல் சரக்கு வந்த வேகத்துக்கு மண்மேடுகள் போதவில்லை, ரோட்டு ஓரத்திலேயே மரத்தடியில் அடுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். தீபாவளிக்கு முந்தின மாசம் நம் ஊரில் மரத்தடியில் வைத்து வேலை பார்ப்பார்களே, அப்படித்தான். ஆர்டர் அதிகமானால் இடைவெளி குறையும். 2012-ல் முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்ததை நினைத்துக்கொண்டேன், அவரிடம் அதைச் சொல்லவில்லை.

அந்தக் குண்டுகளை லாரியில் கொண்டுவந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின அமெரிக்கச் சிப்பாய்கள். அப்போது அவர்கள் ராணுவத்தில் வெள்ளையருக்குத் தனிப் படை, கறுப்பருக்குத் தனிப் படை. சேர்த்து வைக்க உத்தரவு போட்டதே 1948-ல்தான். விமானம் ஓட்டினவர்களுக்கு இங்கே ஊருக்கு ஊர் நினைவுக்கல் இருக்கிறது, இருக்கட்டும், எட்டாவது விமானப்படையில் மட்டும் இருபத்தாறாயிரம் பேர் செத்திருக்கிறார்கள். ஆனால் ராத்திரி மழையில் விளக்கில்லாமல் வெடிபொருள் லாரி ஓட்டினவனுக்கு நான் பார்த்த கல் எதிலும் ஒரு வரி இல்லை. எனக்கு அது உறுத்தியது.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். மேடுகளின் திறந்த பக்கம் எதுவும் இன்னொன்றின் திறந்த பக்கத்தை நேராகப் பார்க்கவில்லை, ஒன்றுவிட்டு ஒன்று தள்ளித்தான் இருக்கிறது. அது புரிகிறது. ஆனால் மேட்டைவிட உயரமாக அடுக்கியிருந்தால் மேலே இருப்பதற்கு என்ன காப்பு? மேடு அடுக்கைவிட எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று ஏதாவது அளவு உண்டா? அவரும் கேட்டார், அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்திருக்கிறேன். தம்பியிடம் வாய்ஸ் மெசேஜ் போடச் சொல்லிப் பேசி அனுப்புங்கள், நிதானமாகப் பேசுங்கள்.

சம்பளம் வந்ததும் பணம் போடுகிறேன். முதலில் விசாவுக்கு வாங்கின கடனில் கட்டிவிட்டு, அம்மாவை மதுரையில் காட்டுங்கள், உள்ளூரிலேயே மாத்திரை வாங்கி ஓட்ட வேண்டாம்.

அன்பு மகள்